ஏழு தண்ணீரில் கழுவிய மணல்

தம்பி கட்டாருக்குப் பறப்பதற்கு இரண்டு நாள் முன்பு கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தான். இரண்டடி நீளக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தானாம். பாலாவிச் சந்தியில் என் கணவர் ஓட்டோவோடு காத்திருந்து அவனை ஆலங்குடாவுக்குக் கூட்டி வந்தார். பெட்டியை எங்கள் மேசையில் இறக்கி வைத்ததும் நான் குனிந்து பார்த்தேன். என் கை தன்பாட்டில் விளக்குமாற்றைத் தேடியது.

உள்ளே இருந்தது பல்லி. சுவரில் ஓடுகிற பல்லி இல்லை, இது தரையில் நடக்கிற சாதி. ஒரு சாண் நீளம், மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளிகள், விரல் தடிப்பில் கொழுத்த வால். கண்ணுக்கு இமையும் இருந்தது. என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தது. சிறுத்தைப் பல்லி என்றான் தம்பி. நான்கு வருடமாகக் கொழும்பில் அவனுடைய வாடகை அறையில் அவனோடு இருந்த ஒரே சீவன் அதுதான்.

பல்லியைக் கண்டால் அடி, நன்மை கிடைக்கும் என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தார்கள். நானும் என் பங்குக்கு நிறைய நன்மை தேடியவள். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதுவும் அந்தக் கணக்கில் சேருமா என்று கேட்டுச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. பெட்டியின் மூடியில் கையை வைத்தபடி நின்றான்.

"ராத்தா, இத உங்களுக்கிட்ட அமானிதமா வெச்சிட்டுப் போறன்" என்றான்.

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். கேட்டு வரும்போது ஒரு குறையும் இல்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். பெட்டியின் ஒரு பக்கத்தில், அடியில் ஒட்டியிருக்கிற சூட்டுத் தட்டை நிறுத்தக் கூடாது. தவிட்டு டப்பாவில் வளர்கிற மஞ்சள் புழுக்களைச் சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். பெட்டியின் தரையில் பத்திரிகைத் தாளை மடித்து விரித்திருந்தான். அதைச் சுட்டிக்காட்டி, அழுக்கானால் புதுத் தாள் போடுங்கள், வேறு ஒன்றும் மாற்ற வேண்டாம் என்றான். "வேறு ஒன்றும்" என்பதை இரண்டு தரம் சொன்னான்.

ஏன் இரண்டு தரம் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை. உட்கார்ந்தால் கதிரையின் கால் ஆடுகிறதா என்று பார்ப்பேன். படுத்தால் அலுமாரிக்கு மேல் தூசு கிடப்பது கண்ணில் படும். கழுவிய கோப்பையை மறுபடி கழுவுவேன். கணவர் என்னைப் பற்றிச் சொல்வார், இவள் மௌத்தானால் கபுறுக் குழிக்குள் இருந்துகொண்டு மண்ணை ஒதுக்குவாள் என்று. கேட்கும்போது கோபம் வரும், ஆனால் பொய் என்று சொல்ல முடியாது.

இந்தக் கழுவுகிற கையால்தான் தம்பியின் மீன்கள் செத்தன. அப்போது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. புத்தளத்தில் இருந்து வாப்பா வாங்கி வந்த ஒரு சின்னத் தொட்டியில் ஆறு மீன் வைத்திருந்தான். தொட்டிக்குள் பச்சைப் பாசி பிடித்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசும். அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் மீன்களை வாளியில் விட்டுவிட்டுத் தொட்டியையும் கூழாங்கற்களையும் கல்லுப்புப் போட்டுத் தேய்த்தேன். உப்பு விளைகிற பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பை விடப் பெரிய மருந்து கிடையாது. காயத்துக்கும் உப்பு, பல்லுக்கும் உப்பு, மீன் நாற்றத்துக்கும் உப்பு. அலசித் தண்ணீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டேன், அலசியது போதவில்லை போல. அவன் வந்து பார்த்தபோது ஆறும் மிதந்தன.

வெயில் கடுமை, தண்ணீர் சூடாகியிருக்கும் என்று சொன்னேன். உம்மாவும் ஓம் என்றாள். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் முற்றத்து மணலில் ஆறு குழி தோண்டி ஆறையும் புதைத்தான். அதற்குப் பிறகு அவன் பொருள் எதையும் நான் தொட அவன் விட்டதில்லை. பதினெட்டு வயதில் அறைக்குப் பூட்டுப் போட்டான், பிறகு கொழும்புக்கே போய்விட்டான். பெருநாளைக்கு வருவான், சாப்பிடுவான், போவான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால்கூடச் சமாதானம் பேசலாம், இதற்கு எதைப் பேசுவது?

அவன் எனக்கு ஒன்றைத் தந்தது, அந்த மீன்களுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அதனால்தான் அந்தப் பல்லி எனக்குப் பல்லியாகத் தெரியவில்லை. அது செத்தால் தம்பி பெருநாளைக்குக்கூட வரமாட்டான் என்று என் மனம் முதல் நாளே முடிவு கட்டிவிட்டது.

அவன் போய் ஒரு வாரம் தாளை மட்டும் மாற்றினேன். அதற்கு மேல் முடியவில்லை. எந்த நேரமும் கண்ணில் குத்துவது அந்தத் தாள்தான். கருவாடு சுற்றுகிற தாளில், அதுவும் மரண அறிவித்தல் பக்கத்தில், ஒருவன் விட்டுப்போன அமானிதம் படுத்திருக்கிறது. பெட்டி மேசையில் வைத்த குப்பைக் கூடை மாதிரித் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டு, இதற்கு ஒரு மண்ணாவது போட்டால் என்ன என்று கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மண் என்றால் அசுத்தம் இல்லை. கலியாணம் என்றால், பெருநாள் என்றால், முற்றத்துப் பழைய மணலை வாரிவிட்டு ஒரு டிராக்டர் வெள்ளை மணல் இறக்குவோம். பரவி, வாரியலால் கோடு இழுத்து, விருந்தாளி வரும் வரைக்கும் யாரையும் மிதிக்க விடமாட்டோம். தண்ணீர் இல்லாத இடத்தில் தொழுகைக்கு மண்ணைத் தொட்டே சுத்தம் செய்துகொள்ளலாம் என்பது மார்க்கம். ஒரு சீவனுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றால் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அது பாலைவனத்துப் பிராணி என்று தம்பி எப்போதோ சொன்னதும் ஞாபகம் வந்தது. பாலைவனம் என்றால் மணல்தானே?

கடற்கரைக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் இருந்து ஒரு வாளி மணல் அள்ளி வந்தேன். மா அரிக்கிற அரிதட்டில் இரண்டு தரம் அரித்தேன். பிறகு கழுவினேன். இங்கேதான் என் புத்தியை மெச்சிக்கொண்டேன். மீன் விஷயம் மறக்கவில்லை. எங்கள் கிணறு கொஞ்சம் சவர்த் தண்ணீர் என்பதால் குடிக்க வாங்குகிற தண்ணீரில் கழுவினேன். ஒவ்வொரு தரமும் வடித்த தண்ணீரில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன். ஏழாவது தண்ணீரில்தான் உப்பு முழுதாகப் போனது. தகரத்தில் பரப்பி மூன்று நாள் காயவைத்து, பெட்டிக்குள் இரண்டு அங்குல உயரத்துக்குக் கொட்டி, முள்ளுக் கரண்டியால் கோடு இழுத்தேன். பல்லி அதன் மேல் நடந்தபோது பின்னால் கால் தடம் விழுந்தது. பெருநாள் காலையில் முற்றத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கியது.

இரண்டு நாளில் அந்த வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் மணலில் திட்டுத் திட்டாக விழத் தொடங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. மணலிலே பாதி சிப்பித் தூள்தானே, சிப்பியைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுக்கிறார்கள், பிறகு தனியாகத் தூள் எதற்கு என்று யோசித்தேன். தூள் டப்பாவை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கட்டாரில் விடுமுறை. ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு தம்பி வீடியோவில் வந்தான். பெட்டியைக் காட்டச் சொன்னான். அந்த நிமிடம் எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. கரண்ட் போகப் போகிறது, ஐந்து நிமிடத்தில் நானே எடுக்கிறேன் என்று சொல்லித் துண்டித்தேன். ஓடிப்போய் ஒரு பத்திரிகைத் தாளை மடித்து மணலின் மேல் விரித்தேன். பல்லியைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். பிறகு எடுத்துக் காட்டினேன். அவன் பல்லியைப் பார்த்தான், வாலைப் பார்த்தான், நல்லா இரிக்கிறான் என்றான். அவன் போனை வைத்ததும் தாளை உருவி எடுத்தேன்.

அடுத்த வெள்ளியும் தாள் விரித்தேன். அதற்கு அடுத்த வெள்ளியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்றார் கணவர். மறைக்கவில்லை, அவன் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறேன் என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் ஓட்டோவைக் கழுவப் போனார்.

நாலாவது வாரம் பல்லி புழுவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாற்பது வயதுக்குப் பிறகு எனக்கு இப்படி ஒரு பயம் வரும் என்று நினைக்கவில்லை. காலையில் பார்த்தேன், பகலில் பார்த்தேன், சோறு வடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். கிண்ணத்தில் புழுக்கள் அப்படியே கிடந்தன. மூன்று நாளாக வெளிக்கும் போகவில்லை. வயிறு ஒரு பக்கம் உப்பி, தோலுக்குள்ளே கருநீலமாக ஏதோ தெரிந்தது. நான்காம் நாள் அது வாயைத் திறந்து மணலை நக்குவதை என் கண்ணாலே கண்டேன். குழந்தை விரல் சூப்புகிற மாதிரி ஆறுதலாக நக்கியது.

இஞ்சருங்க, வண்டிய எடுங்க என்றேன். கணவர் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். பல்லியை ஒரு பாண் பெட்டியில் துவாய் விரித்து வைத்தேன், அடியில் சுடுதண்ணீர்ப் போத்தல். காற்றுக் காலம் அது. நுரைச்சோலை தாண்டும் வரைக்கும் மணல் ஓட்டோவுக்குள் வாரி அடித்தது. நான் பெட்டியின் மேல் குப்புறக் குனிந்து முந்தானையால் மூடிக்கொண்டே போனேன்.

புத்தளத்தில் நாங்கள் கண்டுபிடித்த மிருக வைத்தியர் சிங்களப் பெண், சின்ன வயசு. வாசலில் ஆடுகளும் ஒரு நாயும் காத்திருந்தன. எங்கள் பெட்டிக்குள் பார்த்ததும் நாய்க்காரர் கதிரையைத் தள்ளிப் போட்டார். வைத்தியர் பல்லியைக் கையில் எடுத்து வயிற்றை விரலால் தடவினார். தரையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கணவர் மணல் என்று சிங்களத்தில் சொன்னார். நான் இடையில் புகுந்து, ஏழு தண்ணீரில் கழுவிய மணல் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் அதையும் சொன்னார். வைத்தியர் என்னை ஒருமுறை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான். வயிற்றுக்குள் மணல் அடைத்திருக்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் இந்தச் சாதி கிடைத்ததை நக்கித் தேடும். மணலில் சுண்ணாம்பு இருக்கிறது என்று நினைத்து நக்கும், ஆனால் மணல் செரிக்காது. அதோடு, இவை வயிற்றால்தான் சூடு வாங்கும். இரண்டு அங்குல மணல் போட்டால் சூட்டுத் தட்டின் சூடு மேலே வராது, சூடு இல்லாமல் உள்ளே போனது எதுவும் நகராது. மணல் முழுவதையும் எடுங்கள். நாளுக்கு இரண்டு தரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வயிறு நனைய வைத்து மெதுவாகத் தடவுங்கள். ஐந்து நாளில் போகாவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும், பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. மணலில் சுண்ணாம்பு இருக்கிறது என்று நானும் நினைத்தேன், அதுவும் நினைத்தது. அதற்காவது மூளை கடலையளவு.

வந்ததும் மணலைத் தோண்டி வெளியே கொட்டினேன். பெட்டியைக் கழுவித் துடைத்தேன். மூலையில் ஒரு மணல் மணி இருந்தது, மறுபடி துடைத்தேன். ஆனால் தரையில் என்ன போடுவது? தம்பியின் பத்திரிகைத் தாளையே போட்டேன். மூடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், காற்று உள்ளே வந்து தாளைக் கிளப்பியது, அடியில் புழு நுழைந்தது, புழுவைத் தின்னாத பல்லி தாளின் ஓரத்தைக் கவ்வியது. தாளும் வயிற்றுக்குள் போனால்? உருவி எறிந்தேன். கடற்கரையில் உல்லாசப் பயணிகளின் குடில் ஒன்றில் இருந்து கணவர் பச்சைக் கம்பளத் துண்டு ஒன்று வாங்கி வந்தார். கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், மெதுவாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் அதன் நூலில் பல்லியின் நகம் மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்துத் தவித்தது. நகவெட்டியால் நூலை வெட்டி எடுத்தேன். அலுமாரித் தட்டில் விரிக்கிற ரப்பர் விரிப்பு சூடு பட்டதும் நாறியது. பழைய துவாய் ஈரம் குடித்தது. அரை நாளுக்கு ஒன்றாக மாற்றினேன். அந்த வாரம் குசினியில் பாதி நாள் அடுப்பு எரியவில்லை.

காற்றோ நிற்கிற மாதிரி இல்லை. எங்கள் ஊரில் அந்த மாதங்களில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் பாய்கிற காற்று அது. அவர்களுக்கு விளையாட்டு, எனக்கு விளக்குமாறு. கதவிடுக்கால் மணல் வந்தது. படுக்கையில் மணல், சோற்றில் நெறுநெறுவென்று மணல். இத்தனை வருடம் முற்றத்தில் கோடு இழுத்து ரசித்த மணல் இப்போது என் எதிரி. யன்னலை எல்லாம் சேலையால் அடைத்தேன். பெட்டியின் மூடியில் கொசுவலை கட்டினேன். கணவர் வாசலிலே கால் கழுவாமல் உள்ளே வந்தால் கத்தினேன். உள்ளே வருவதை விட ஓட்டோவிலே படுக்கலாம் என்றார் மனிதர்.

காலையும் மாலையும் குளிப்பாட்டல். பிளாஸ்டிக் கிண்ணத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். சூடு சரியா என்று மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பேன். பிறகு விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்ப்பேன். வாங்குகிற தண்ணீர்தான், உப்பு இருக்காது என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தரமும் நாக்கில் வைத்தேன். பல்லி கிண்ணத்தின் ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடும். வயிற்றை மேலிருந்து கீழாகத் தடவுவேன். தோல் அவ்வளவு மெல்லியது, உள்ளே கட்டி விரலுக்குத் தட்டுப்படும். நான் ஓதத் தெரிந்ததை எல்லாம் ஓதினேன். பல்லிக்கு ஓதலாமா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை, கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. போனை எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். அவன் ஒரு நல்ல வார்த்தை பதிலாக அனுப்பினான், அதைப் பார்க்கவே முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவன் எனக்குத் தந்த ஒரே பொருளை நான் கையாலே கொல்கிறேன் என்று குசினிச் சுவரில் தலையை வைத்து அழுதேன். கணவர் பின்னால் வந்து நின்றார். பல்லிக்குத்தானே அழுகிறாய் என்று பகிடி பண்ணவில்லை. அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

தரைக்கு வழி அவர்தான் கண்டார். நுரைச்சோலையில் ஒரு டைல் கடைக்கு ஆள் ஏற்றிப் போனவர், குளியலறைத் தரைக்குப் பதிக்கிற சொரசொரப்பான டைல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். மினுக்கம் இல்லை, சாம்பல் நிறம். எந்தச் சந்தேகமும் இல்லாத சாமான் மாதிரி இருந்தது. எனக்குச் சந்தேகம் இல்லாமல் போகுமா? கன்னத்தை வைத்தேன். நகத்தால் கீறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன், வழுக்கவில்லை. சூட்டுத் தட்டின் மேல் வைத்து அரை மணித்தியாலம் கழித்துத் தொட்டேன், வெயில் பட்ட வாசற்படி அளவுக்குச் சூடு. நக்க ஒன்றும் இல்லை, விழுங்க ஒன்றும் இல்லை, நகம் மாட்ட நூல் இல்லை, ஈரத் துணியால் ஒரே இழுப்பில் துடைக்கலாம்.

மறுநாள் நானும் அவரோடு கடைக்குப் போய்ப் பெட்டி அளவுக்கு நான்கு துண்டு வெட்டுவித்தேன். வெட்டிய ஓரம் கையைக் கீறும் போல இருந்தது. வீட்டுப் பின்படியின் சீமெந்தில் வைத்து ஓரங்களைத் தேய்த்தேன். தேய்த்த தூளைக் கழுவினேன். இரண்டு துண்டுக்கு நடுவில் புழு ஒளிகிற இடைவெளி இருக்கிறதா என்று தாள் நுழைத்துப் பார்த்தேன். பல்லியை இறக்கி விட்டேன். அது சூடான பக்கத்துக்கு நடந்துபோய் வயிற்றை டைலில் ஒட்டப் பரப்பிக்கொண்டு படுத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அது அப்படிப் படுத்ததை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மாலைக் குளிப்பில் கிண்ணத்துத் தண்ணீர் கலங்கியது. பல்லி வாலைத் தூக்கி முக்கியது, ஒரு கட்டி வெளியே வந்தது. நான் அருவருப்புப் பார்க்கிறவள். அன்றைக்குப் பார்க்கவில்லை. கட்டியைக் கையில் எடுத்து விரலால் நசித்தேன். மணல்தான். என் மணல். ஏழு தண்ணீரில் கழுவியது, இன்னும் வெள்ளையாக இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார், மனைவி கையில் பல்லிப் பீயைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அடுத்த இரண்டு நாளில் மிச்சமும் போனது. மூன்றாம் நாள் தூளில் புரட்டிய புழு இரண்டைத் தின்றது. நான்காம் நாள் ஐந்து. வயிற்றுக் கருநீலம் வெளுத்தது.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது.

சோறு இறக்கிய நேரத்தில் இருந்தே என் கால் தரையில் நிற்கவில்லை. பல்லி பிழைத்துவிட்டது. இனிச் சொல்ல என்ன இருக்கிறது? அவன் தந்தபடியே திருப்பிக் கொடுக்கலாம். டைலின் மேல் ஒரு தாளை விரித்தால் கதை முடிந்தது. தாளை எடுத்தும்விட்டேன், மடித்தும்விட்டேன். அதே மரண அறிவித்தல் பக்கம். பெட்டியின் மூடியைத் திறந்தேன், பல்லி தலையைத் தூக்கி ஒரு கண்ணை மூடித் திறந்தது. போன் அடித்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே எடுத்தேன்.

அவன் சலாம் சொல்லிவிட்டு, பெட்டியைக் காட்டச் சொன்னான். தாளை மேசைக்குக் கீழே போட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் காட்டினேன். சாம்பல் டைலும் அதன் மேல் பல்லியும் அவனுக்குத் தெரிந்தன. நான் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மணல், தூள் டப்பா, வெள்ளிக்கிழமைத் தாள், கரண்ட் பொய், சிக்னல் பொய், வைத்தியர், கிண்ணத்துத் தண்ணீர், எல்லாம். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகியது. கோபப்பட்டான், பட வேண்டியதுதான். ஒண்டும் மாத்த வேணாம் எண்டு எத்தின தரம் சொன்னன் ராத்தா என்று கேட்டான். இரண்டு தரம் என்றேன்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக நின்றது அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கியது.

"மீனையும் நான்தான் சாகடிச்சன் தம்பி. வெயிலுக்கு இல்ல. தொட்டிய உப்புப் போட்டுத் தேச்சன்."

அவன் பக்கத்தில் யாரோ நடந்துபோகிற சத்தம் கேட்டது. அவன் கண்ணைத் துடைத்தானா, மூக்கைச் சொறிந்தானா என்று படத்தில் சரியாகத் தெரியவில்லை.

"தெரியும்" என்றான். "அண்டைக்கே அந்தத் தண்ணியில விரல வெச்சி நக்கிப் பாத்தன்."

ஒன்பது வயதுப் பிள்ளை, செத்த மீன் மிதக்கிற தண்ணீரில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு நான் சொன்ன வெயில் கதையைக் கேட்டுக்கொண்டு ஆறு குழி தோண்டியிருக்கிறான்.

"தெரிஞ்சும் ஏன்டா இத எனக்கிட்டத் தந்தாய்?"

"வேற யாருக்கிட்டக் குடுக்க?" என்றான்.

பல்லி எழும்பி, குளிர்ந்த பக்கத்துக்கு நடந்து தண்ணீர் குடித்தது. டைலில் நகம் படுகிற மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்கட்டும் என்று போனைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"ராத்தா, அந்த மூலையில கொஞ்சம் மணல் இரிக்கி" என்றான்.

கொசுவலையையும் தாண்டிக் காற்று கொண்டுவந்து போட்டிருந்தது. நாலைந்து மணல் மணிதான் இருக்கும். விரலை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். கடைசி மணி வரைக்கும் அவன் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.